தஞ்சோங் பகார் ஸ்டேஷன் பத்தி பாப்பா கேட்டதுக்கு

தம்பி,

எல்லாரும் நல்லா இருக்கீங்களா. இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், அப்பாவுக்கு முட்டிவலிதான் அப்படியே இருக்கு, பாலிகிளினிக்ல குடுத்த மருந்த ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கிறார், நீ போன் பண்ணும்போது ஒரு வார்த்தை சொல்லு, நான் சொன்னா காதுல ஏறாது. பாப்பா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். ஸ்கூல்ல குடும்பத்துக்கு சம்பந்தப்பட்ட ஒரு பழைய இடத்தப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்களாம், சிங்கப்பூர்ல நம்ம பழைய தஞ்சோங் பகார் ரயில் ஸ்டேஷன எடுத்துக்கவா பாட்டின்னு கேக்குறா. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்த சொல்லி முடியாது. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல பொறந்த புள்ள, கொள்ளுத்தாத்தா ரயில்வேல இருந்தார்ங்கறத ஞாபகம் வெச்சிருக்கா பாரு. அது நீ சொல்லிக் குடுத்ததுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பாப்பாவுக்கு தமிழ் படிக்க வராதுன்னு தெரியும், அதனால உனக்கே எழுதுறேன், நீ பொறுமையா உக்காந்து அவளுக்கு எடுத்துச் சொல்லு, போன்ல ஓட்டி விடாத.

நீ கேட்ட பொறப்புப் பத்திரம் கிடைச்சிருச்சு. அலமாரியில உன் தாத்தாவோட பழைய பேப்பர் எல்லாம் இருக்குற பைல்லதான் இருந்துச்சு. அனுப்புறேன். மொதல்ல பாப்பா விஷயத்த முடிச்சிடறேன்.

தஞ்சோங் பகார்தான் சிங்கப்பூரோட மொத ஸ்டேஷன்னு பாப்பா நெனச்சிட்டு இருக்கா, அது இல்ல. மொதல்ல ஸ்டேஷன் இருந்தது டேங்க் ரோட்ல, நம்ம தண்டாயுதபாணி கோயில் இருக்கே அந்த ஏரியாவுலதான். 1903 ஜனவரி 1ஆம் தேதி டேங்க் ரோட்டுல இருந்து புக்கிட் தீமா வரைக்கும் மொத ரயில் ஓடுச்சு, அந்த வருஷமே உட்லண்ட்ஸ் வரைக்கும் நீட்டினாங்க. அங்க எறங்கி படகுல ஜோகூர் போகணும். இப்ப நாம பஸ்ஸுல பத்து நிமிஷத்துல தாண்டுற பாலம் அப்ப கிடையாது. காஸ்வேங்கற அந்தப் பாலத்து மேல ரயில் போக ஆரம்பிச்சது 1923லதான், பாலத்த முறையா தொறந்தது 1924 ஜூன்ல. டேங்க் ரோட் லைன் ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு குறுக்கவே போயிருக்கு, இன்னிக்கு அங்க நடக்குறவங்கள்ல எத்தன பேருக்குத் தெரியும். அப்புறம் துறைமுகத்துக்குப் பக்கத்துல பெரிய ஸ்டேஷன் வேணும்னு முடிவு பண்ணி லைனையே மேற்கால திருப்பி விட்டு தஞ்சோங் பகார்ல கட்டினாங்க. 1932 மே மாசம் கவர்னர் சர் செசில் கிளெமென்டி தொறந்து வெச்சார். டேங்க் ரோட் ஸ்டேஷன அதோட மூடியாச்சு. அதாவது புது ஸ்டேஷன் வந்ததாலதான் பழைய ஸ்டேஷனையே மூடினாங்க, பாப்பா இத மொத பாராவுல எழுதினா டீச்சருக்குப் பிடிக்கும்.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு, இது புரிஞ்சாத்தான் மத்ததெல்லாம் புரியும். 1918ல ஒரு சட்டம் போட்டு சிங்கப்பூர் ரயில்வேயையும் அந்த நெலத்தையும் மலாய் மாநிலங்களோட அரசாங்கத்துக்கு மாத்திக் குடுத்துட்டாங்க. 999 வருஷ குத்தகை. அன்னிக்கு எல்லாம் வெள்ளக்காரன் ஆட்சிதானே, இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துறோம்னு நெனச்சிருப்பாங்க. இடையில கோடு விழும், ரெண்டும் ரெண்டு நாடாகும்னு யாரு கண்டா. அதனால 1965ல பிரிஞ்சப்புறமும் ஸ்டேஷனும் தண்டவாளமும் ரெண்டு பக்கம் இருந்த நெலமும் மலேசிய ரயில்வே கையிலேயே இருந்துச்சு. நாடு நம்ம நாடு, நெலம் அவங்க நெலம்.

கட்டடத்தப் பத்தி பாப்பாவுக்குச் சொல்ல நெறைய இருக்கு. முன்வாசல்ல நாலு பெரிய வெள்ள பளிங்குச் சிலை. விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில், இந்த நாலுதான் மலாயாவத் தாங்குதுன்னு காட்டுறதுக்கு. இத்தாலியில ஃபுளோரன்ஸ்ல இருந்து வந்த வேலை, ஆஞ்செலோ வன்னெட்டிங்கற சிற்பி செஞ்சது. சிலைக்கு ஒரு எழுத்தா எஃப், எம், எஸ், ஆர்னு இருக்கும், ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் ரயில்வேஸ். உள்ள போனா ஹால் அம்மாம் ஒசரம், ரெண்டு பக்கச் செவத்துலயும் கூரைக்குக் கீழ ஓடு பதிச்ச பெரிய பெரிய படம். நெல் நடவு, ரப்பர் பால் மரம் சீவுறது, ஈயம் தோண்டுறது, கப்பல், மாட்டு வண்டி, கொப்பரைன்னு ஆறு படம். அந்த ரப்பர் மரத்துப் படத்துக்குக் கீழ உன் பாட்டி எப்பவும் நிப்பாங்க. ஜோகூர்ல எஸ்டேட்ல பொறந்தவங்க இல்லையா. படத்துல மரத்துல வெட்டு விழுந்திருக்குற சாய்வ கைய நீட்டிக் காட்டி, சரியாத்தான் போட்டிருக்கான்ம்பாங்க. எங்கள எங்கயாவது நடத்திக் கூட்டிட்டுப் போகும்போது எதப் பாத்தும் நிக்காத மனுஷி அங்க மட்டும் நிப்பாங்க. பாப்பாகிட்ட இத கண்டிப்பா சொல்லு.

சப்பான்காரன் காலத்துல அந்த ஸ்டேஷன்ல இருந்துதான் வெள்ளக்கார கைதிங்கள சரக்கு வண்டியில அடைச்சு சயாமுக்கு, அதான் இப்ப தாய்லாந்து, ரயில் பாதை போட அனுப்பினான். 1942, 43ல. நம்ம ஆளுங்கள எஸ்டேட் எஸ்டேட்டா போய் அள்ளிட்டுப் போனான். பெரிய தாத்தா போனது அப்படித்தான். இது சின்னப் புள்ளைக்கு இப்ப வேணாம், நீ தெரிஞ்சு வெச்சுக்கோ.

தம்பி, அந்தப் பொறப்புப் பத்திரம் எதுக்குன்னு நீ சொல்லல. நானும் கேக்கல. எதுவா இருந்தாலும் பேப்பர ஒரு தடவைக்கு ரெண்டு தடவை நல்லா படிச்சுப் பாரு, எதுலயும் அவசரப்பட்டு கையெழுத்துப் போடாத. உன் பையனுக்கு வயசு ஏறுதுன்னு எனக்கும் தெரியும். 13 வயசு ஆச்சுன்னா வெளிநாட்டுல தங்க எக்ஸிட் பர்மிட் வேணும், அப்புறம் கட்டாய ராணுவ வேலை, நேஷனல் சர்வீஸ், கீழ்வீட்டு அக்கா மகன் யூகேல இருந்துக்கிட்டு பட்ட பாடு எல்லாம் நான் பாத்தவதான். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்காத. சரி விடு.

தாத்தா வேலைய பாப்பா கேட்டா. கொள்ளுத்தாத்தா டிரைவரான்னு கேட்டா. இல்ல, ஆனா அவர் கையில இருந்து வாங்காம எந்த டிரைவரும் புக்கிட் தீமாவத் தாண்ட முடியாது, அப்படிச் சொல்லு. ஒத்த லைன். எதிரும் புதிருமா ரெண்டு வண்டி வந்துடக் கூடாது. அதுக்கு டோக்கன்னு ஒரு இரும்புத் துண்டு, சாவி மாதிரி இருக்கும். ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு மெஷின் இருக்கும், ரெண்டும் கம்பியில ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. ஒரு டோக்கன இந்தப் பக்கம் உருவிட்டா, அது திரும்ப மெஷினுக்குள்ள போற வரைக்கும் ரெண்டு பக்கமும் இன்னொண்ண உருவவே முடியாது. அந்த டோக்கன் எந்த டிரைவர் கையில இருக்கோ அந்த வண்டி மட்டுந்தான் அந்தத் துண்டு லைன்ல போகலாம். அத ஒரு தோல் பையில போட்டு பெரிய கம்பி வளையத்துல மாட்டியிருப்பாங்க. வண்டி புக்கிட் தீமாவுல நிக்காது, வேகத்த மட்டும் கொறைக்கும். தாத்தா பிளாட்பாரம் ஓரத்துல நின்னு வளையத்த ஒசத்திப் புடிப்பார், என்ஜின்ல இருந்து ஆளு வெளிய சாஞ்சு முழங்கையில கோத்து எடுத்துக்குவார், அதே நேரத்துல வந்த வளையத்த எறிவார், தாத்தா அத வாங்கணும். மழை பெஞ்சாலும் ராத்திரியானாலும் இதேதான். அவரோட வலது முன்னங்கையில தழும்பு இருக்கும்ல, நீ சின்னதுல தடவித் தடவிப் பாப்பியே, அது அந்த வளையம் பட்டதுதான். மழைக்கோட்ட போட்டுக்கிட்டா கை சரியா வராதுன்னு நனைஞ்சுக்கிட்டேதான் நிப்பார், பாட்டி அதுக்குத் திட்டுவாங்க.

2011ல மூடுற நாள் வரைக்கும் புக்கிட் தீமாவுல கையாலதான் டோக்கன் மாத்தினாங்க. அவ்வளவு நவீனமா எம்ஆர்டி மெட்ரோ ரயில் ஓடுற ஊருல, ரெண்டு மைல் தள்ளி ஒரு ஆளு கம்பி வளையத்தோட நின்னாரு. இன்னிக்கு நீ பெர்த்ல ரயில் சிக்னல் வேலைதானே பாக்குற, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து. ஒரே வேலைதான் தம்பி, ரெண்டு வண்டி மோதாம பாத்துக்குற வேலை. உனக்கு அந்த வேலை கிடைச்ச அன்னிக்கு தாத்தா கோப்பிக்கடையில எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் குடுத்தார், நான் சொல்லியிருக்கேனா தெரியல. கையில காசு செலவழிக்காத மனுஷன். பேரன் சிக்னல்ல இருக்கான், சிக்னல்ல இருக்கான்னு பாத்தவங்ககிட்ட எல்லாம் சொன்னார். சீனக் கிழவருக்கு மலாய்ல சொன்னார்.

நீங்க ரெண்டு பேரும் ஸ்கூல் லீவுக்கு மலேசியாவுல கெமாஸ் போனது ஞாபகம் இருக்கா. உன் தங்கச்சி ஜன்னல் சீட்டுக்கு அழுவா. ஸ்டேஷன் கேன்டீன்ல ரொட்டி பரோட்டா வாங்கித் தந்தாத்தான் நீ ரயில் ஏறுவ. அங்க நம்ம தமிழ் முஸ்லிம் ஒருத்தர் புத்தகக் கடையும் காசு மாத்துற கடையும் சேர்த்து வெச்சிருந்தார், அப்பா அங்க நின்னு ஓசியில பேப்பர் படிச்சிட்டு கடைசியில ஒரு வார இதழ் வாங்கிட்டு வருவார். டிக்கெட் வெலையில ஒரு வேடிக்கை உண்டு. இங்க வாங்கினா சிங்கப்பூர் வெள்ளி, ஜோகூர்ல இருந்து வாங்கினா அதே நம்பர் ரிங்கிட்ல. 20ன்னா இங்க 20 வெள்ளி, அங்க 20 ரிங்கிட். அதனால வெவரம் தெரிஞ்சவங்க பஸ்ஸுல ஜோகூர் போய் அங்க ஏறுவாங்க. நாம மட்டும் தஞ்சோங் பகார்லதான் ஏறுவோம், தாத்தா வேற எங்கயும் ஏற விடமாட்டார். கோலாலம்பூருக்கு பகல் வண்டி ஏழெட்டு மணி நேரம், ராத்திரி வண்டி செனான்டுங் மாலம், படுத்துட்டு போகலாம். பச்ச திரை போட்ட படுக்கைன்னு தங்கச்சி இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. அவளுக்கும் நீ போன் பண்றதில்லையாம். அவ ஒண்ணும் சொல்லல, நானா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அடுத்தது பாப்பாவுக்குப் புரியுறது கஷ்டம், நீ படம் போட்டு வெளக்கு. மொதல்ல ரெண்டு நாட்டு பாஸ்போர்ட் செக்கிங்கும் தஞ்சோங் பகார்லயேதான் இருந்துச்சு. 1998 ஆகஸ்ட் 1ல சிங்கப்பூர் தன்னோட இமிகிரேஷன உட்லண்ட்ஸ்க்கு மாத்திட்டாங்க, எல்லைக்குப் பக்கத்துல இருக்கணும்னு. மலேசியாக்காரங்க மாட்டோம், ஸ்டேஷன் எங்க நெலம்னு அங்கேயே இருந்துட்டாங்க. அதனால என்ன ஆச்சுன்னா, நீ தஞ்சோங் பகார்ல மலேசியாவுக்குள்ள நொழைஞ்சாச்சுன்னு கணக்கு, ஆனா சிங்கப்பூர விட்டு இன்னும் கெளம்பல. ரயில் ஏறி புக்கிட் தீமா எல்லாம் தாண்டி உட்லண்ட்ஸ் போய் எறங்கி அங்கதான் சிங்கப்பூர விட்டுப் போறேன்னு காட்டணும். உலகத்துல எல்லா எடத்துலயும் ஒரு நாட்ட விட்டு வெளிய வந்துட்டுத்தான் இன்னொரு நாட்டுக்குள்ள போவாங்க. இங்க அதுக்கு நேர் எதிர். பாஸ்போர்ட்ல முத்திரை கூட குத்த மாட்டாங்க, ஒரு அட்டையில குத்திக் குடுப்பாங்க. அந்த அட்டைய தொலைச்சுடாதீங்கன்னு தாத்தா நம்மள வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வருவார்.

அந்த அரை மணி நேரம் நாம எந்த நாட்டுல இருக்கோம்னு நீ ஒரு தடவை தாத்தாவக் கேட்ட. அவர் ஜன்னலுக்கு வெளிய பாரு, குவீன்ஸ்வே வருது, நீ வீட்டுக்குப் பக்கத்துல இருக்கன்னார். நீ திரும்பத் திரும்ப கேட்ட, அவர் அதையேதான் சொன்னார்.

தாத்தாவுக்கு அது வெளையாட்டுக் கேள்வி இல்ல தம்பி. சம்பளம் குடுத்தது கோலாலம்பூர், குடியிருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ், அதுவும் அவங்களோடது, புள்ளைங்க படிச்சது சிங்கப்பூர் ஸ்கூல்ல. 1965க்கு அப்புறம் என்ன பண்றதுன்னு அவர் கூட வேலை பாத்தவங்க எல்லாருக்கும் அந்தக் குழப்பம் இருந்துச்சு. பாதிப் பேர் ஊருக்கே, இல்ல அக்கரையில மலேசியாவுக்கே போயிட்டாங்க. ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸ விடணும், அரசாங்கம் கட்டுற கழக வீடு வாங்கணும்னா சிட்டிசனா இருக்கணும். தாத்தா ஒரு நாள் போய் எழுதிக் குடுத்துட்டு சிங்கப்பூர் சிட்டிசனுக்குக் குடுக்குற பிங்க் ஐசியோட வந்தார். வீட்டுலயே பாட்டிக்கு மட்டுந்தான் சொன்னார். கெமாஸ் சின்னத்தாத்தாவுக்குச் சொல்லல. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வந்து, ஒரே நாள்ல ரயில்வேல சேந்தவங்க. யாரோ கல்யாணத்துக்கு வந்த ஆளு வாய்ல கேட்டு அவருக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரிஞ்ச கதைதான். பித்தளை அண்டா விஷயத்துல சண்டைன்னு நீங்கல்லாம் நெனச்சிட்டு இருக்கீங்க. அண்டா எல்லாம் சாக்கு. சின்னத்தாத்தாவுக்கு அண்ணன் எந்த ஊரு ஐசி எடுத்தார்ங்கறதுல கோவமே இல்ல. நான் அவரையே கேட்டிருக்கேன். அவன் எடுத்தது சரிதான்மா, புள்ளைங்க இங்க இருக்கு, அவன் வேற என்ன பண்ணுவான், ஆனா எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்லன்னார். வேற எதுவும் சொல்லல. ரயில்வே ஆளுக்கு ஓசி பாஸ் இருந்துச்சு, ஒரு ராத்திரி வண்டியில ஏறினா காலையில வந்துடலாம், அப்படி இருந்தும் வருஷக்கணக்கா வரல. என் கல்யாணத்துக்குத்தான் வந்தார். தஞ்சோங் பகார்ல தாத்தாவே போய் நின்னு கூட்டிட்டு வந்தார், வழியில ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு யாருக்கும் தெரியாது.

சரி, ஸ்டேஷன எப்படி மூடினாங்கங்கறது பாப்பாவுக்கு முக்கியம். 1990 நவம்பர் 27ல ரெண்டு நாடும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. நம்ம பக்கம் லீ குவான் இயூ, அவங்க பக்கம் நிதியமைச்சர் டாயிம் சைனுடின். ஸ்டேஷன தஞ்சோங் பகார்ல இருந்து புக்கிட் தீமாவுக்கு மாத்தணும், நெலத்த ரெண்டு பேரும் சேந்து மேம்படுத்தணும், மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 40. கையெழுத்து ஆச்சு, ஆனா எது எப்ப நடக்கணும்னு ரெண்டு பக்கமும் வேற வேற அர்த்தம் சொல்லிக்கிட்டு வருஷங்கள ஓட்டினாங்க. பிரதமர்கள் மாறினாங்க, பேச்சு நின்னுச்சு, திரும்ப ஆரம்பிச்சுது, தண்ணி வெலை, பாலம்னு வேற விஷயங்களும் அதோட பின்னிக்கிச்சு. அந்தக் காலமெல்லாம் இதோ மூடப் போறாங்க, இதோ மூடப் போறாங்கன்னு பேச்சாவே இருக்கும், ஸ்டேஷன ஒரு பைசா செலவு பண்ணி யாரும் பராமரிக்கல, மேல இருந்த ஹோட்டலையும் மூடிட்டாங்க, பெயிண்ட் உரிஞ்சுபோய் நின்னுச்சு. கடைசியா 2010 மே 24ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்க லீ சியென் லூங்கும் நஜிப்பும் உக்காந்து பேசி ஒத்துக்கிட்டாங்க, நெலக் கணக்க அந்த செப்டம்பர்ல முடிச்சாங்க. ரயில்வே நெலத்த விட்டுக் குடுக்குறதுக்குப் பதிலா மரினா சவுத்துலயும் ஓஃபிர் ரோச்சோர்லயும் ஆறு துண்டு நெலம். இப்ப மரினா ஒன், டுவோன்னு பெரிய பெரிய கட்டடம் நிக்குதே, அது அந்த நெலத்துலதான். அதே 60க்கு 40தான், ரெண்டு அரசாங்கத்தோட முதலீட்டுக் கம்பெனிங்க கஸானாவும் தெமாசெக்கும் சேந்து. எனக்கு அதுல ஒண்ணு புடிச்சிருந்துச்சு, கடைசி வரைக்கும் யாரும் யாரையும் தொரத்தல, நேர்ல உக்காந்து பேசினாங்க, பேசினதுக்கப்புறம் முடிஞ்சுருச்சு. உக்காந்து பேச இருபது வருஷம் ஆச்சு, அதுதான் வருத்தம்.

2011 ஜூன் 30 கடைசி நாள். ராத்திரி பதினோரு மணி வாக்குல கடைசி வண்டிய ஜோகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிட்டுப் போனார், இப்ப மலேசியாவோட மாமன்னரா இருக்காரே அவர்தான். காஸ்வே தொறந்த காலத்துல அவரோட கொள்ளுத்தாத்தாதான் சுல்தானா இருந்தார். ஸ்டேஷன்ல அவ்வளவு கூட்டம், சீனர், மலாய்க்காரர், நம்ம ஆளுங்க, வெள்ளக்காரங்க, எல்லார் கையிலயும் கேமரா. நீ அன்னிக்கு இங்க இல்ல. தாத்தா தஞ்சோங் பகாருக்கு வரமாட்டேன்னுட்டார். சாயங்காலம் புக்கிட் தீமாவுக்குக் கூட்டிட்டுப் போன்னார், அப்ப அவருக்கு நடக்கவே முடியாது, சக்கர நாற்காலியில வெச்சு தள்ளிட்டுப் போனோம். அவர் அழுவார்னு நான் டிஷ்யூ எல்லாம் எடுத்துட்டுப் போனேன். அவர் அழவே இல்ல. ஜனங்க தண்டவாளத்து மேல நின்னு படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க, அதப் பாத்து அவருக்கு வந்துச்சு பாரு கோவம், வண்டி வர நேரம், லைன விட்டு எறங்குன்னு தமிழ்லயும் மலாய்லயும் கத்துறார். ஒரு சின்னப் பையன் பயந்து எறங்கிட்டான். வண்டி வந்து போற வரைக்கும் அவர் கண்ணு லைன் மேலதான் இருந்துச்சு, வண்டியக் கூட சரியா பாக்கல. அன்னிக்கு டோக்கன் வாங்கின ஆளு இளவயசு, சரியா வாங்கினான்னு வீட்டுக்கு வந்து சொன்னார்.

அதுக்கப்புறம் ஜூலையில கொஞ்ச நாள் லைன் நெடுக நடக்கலாம்னு தொறந்து விட்டாங்க, அப்புறம் தண்டவாளத்தப் பேத்து மலேசியாவுக்கே திருப்பிக் குடுத்தாங்க. நெலம் இப்ப ரயில் காரிடார், 24 கிலோமீட்டர், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும். ரெண்டு இரும்புப் பாலமும் அப்படியே இருக்கு, புக்கிட் தீமா ஸ்டேஷனையும் பழுதுபாத்து வெச்சிருக்காங்க. தஞ்சோங் பகார் ஸ்டேஷன தேசிய நினைவுச் சின்னமா 2011 ஏப்ரல்லயே அறிவிச்சுட்டாங்க, அதனால இடிக்க முடியாது. பிளாட்பாரத்துப் பக்கம் சர்க்கிள் லைனுக்காக கேன்டோன்மென்ட் எம்ஆர்டி ஸ்டேஷன் வேலைய ஆரம்பிச்சாங்க. ரயில் போன எடத்துக்கே திரும்ப ரயில் வருதுன்னு நெனைச்சா எனக்கு மனசு நெறைஞ்சு போகுது. அந்த லைன் ஓரத்துல ரயில்வே தொழிலாளிங்க 1932ல கும்பிட ஆரம்பிச்ச முனீஸ்வரன்தான் இப்ப காமன்வெல்த் டிரைவ்ல பெரிய கோயிலா இருக்கார். போன வெள்ளிக்கெழம உன் பேர்லயும் மருமக பேர்லயும் புள்ளைங்க பேர்லயும் அங்க அர்ச்சனை பண்ணினேன். ஐயர் ஊர் கேட்டார். பெர்த்னு சொன்னேன்.

போட்டோ எல்லாம் தங்கச்சிய ஸ்கேன் பண்ணச் சொல்லியிருக்கேன், நாளைக்கு வாட்ஸ்அப்ல வரும். தாத்தா யூனிஃபார்ம்ல நிக்கிற படத்த பாப்பா அட்டையில போடச் சொல்லு, தாத்தா பேர தப்பில்லாம எழுதச் சொல்லு, நீ பாத்துக் குடு.

இப்ப பத்திரத்துக்கு வரேன். தம்பி, நீ ஒண்ணும் சொல்லாம பேப்பர் மட்டும் கேட்டதுல இருந்து எனக்கு தூக்கமில்ல, அதுதான் உண்மை. இங்க ரெண்டு சிட்டிசன்ஷிப் வெச்சுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும், அதனால அங்க எடுத்தா இங்க குடுத்துடணும், அதுவும் தெரியும். நான் வேணாம்னு சொல்லப் போறதில்ல. உன் வேலை அங்க, வீடு அங்க, புள்ளைங்க அங்க, தாத்தா எந்தக் கணக்குப் போட்டாரோ அதே கணக்குத்தான் நீயும் போடுவ. அவர் போட்டது தப்புன்னு நான் ஒரு நாளும் நெனைக்கல, நீ போடுறதையும் நெனைக்க மாட்டேன். அப்பா கொஞ்சம் முறுக்கிக்குவார், அத நான் பாத்துக்கிறேன். ஆனா அத நான் உன் வாயால கேக்கணும். தங்கச்சி சொல்லியோ, உன் மாமியார் வீட்டுல யாராவது தேக்கா கடைத்தெருவுல பாத்துச் சொல்லியோ எனக்குத் தெரிய வேணாம். ஒருவேளை வேற எதுக்காவது கேட்டிருந்தீன்னா, அதையும் சொல்லிடு, நான் தேவையில்லாம மனசப் போட்டு ஒலட்டிக்கிட்டு இருக்கேன்னு ஆகட்டும், பரவாயில்ல.

பத்திரத்த நாளைக்கே ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புறேன், உன் பதிலுக்காக புடிச்சு வெச்சுக்கல. தாத்தாவோட பேப்பர்ல ஒரு காப்பியும் அதுலயே வெக்கிறேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போயிடுவார், நான் மட்டுந்தான் வீட்டுல இருப்பேன், அப்ப கூப்பிடு.

அம்மா